ரோ கடைசியா மாறின நேரத்தைச் சொல்ற ‘அப்டேட்டட் அட்’ ஃபீல்டைப் பார்த்தா எந்த மாற்றமும் தப்பாதுன்னு யாரு சொன்னது?

இந்த மாசமும் அதே கேஸ். பில்லிங் ஒரு சாஃப்ட்வேர், கணக்கு இன்னொரு சாஃப்ட்வேர், நடுவுல இன்டகிரேஷன். மாசக் கடைசில ரெண்டையும் வச்சுப் பார்த்தா சில இன்வாய்ஸ் கணக்குப் பக்கம் போகவே இல்ல. எரர் லாக் சுத்தமா இருக்கு, எல்லா ரன்னும் பச்சை, அதனால ‘நீங்கதான் எங்கயோ டெலீட் பண்ணிட்டீங்க’ன்னு கணக்குப் பார்க்கறவங்க மேல பழி விழுந்து, பாவம் அவங்க ஒவ்வொரு பில்லா டிக் அடிச்சுட்டு இருந்தாங்க. அந்த இன்டகிரேஷன் ஃப்ளோவைத் திறந்து பார்த்தா, எத்தனையோ இடத்துல பார்த்து அலுத்துப்போன அதே க்வெரி: கடைசியா பார்த்த நேரத்தை விட அப்டேட்டட் அட் பெருசா இருக்கற ரோவை எல்லாம் எடு, நிமிஷத்துக்கு ஒருதரம்.

கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க, ‘ரோ மாறினா டைம் மாறும், டைம் மாறினா நாங்க எடுத்துடுவோம், எப்படித் தப்பும்?’ தப்பும்ங்க. அந்த ஃபீல்டுல இருக்கறது கமிட் ஆன நேரம், அதாவது மாற்றம் உறுதியாகி மத்தவங்க கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கற நேரம் இல்ல. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல நவ் ஃபங்ஷன் கொடுக்கறது, ஒண்ணா சேர்ந்து கமிட் ஆகற வேலைக் கட்டான ட்ரான்சாக்‌ஷன் ஆரம்பிச்ச நேரம். மைஎஸ்க்யூஎல்ல அந்த ஒரு ஸ்டேட்மென்ட், அதாவது ஒரு கட்டளை, ஆரம்பிச்ச நேரம். ரெண்டுமே கமிட்டுக்கு முந்தின நேரம்தான்.

போஸ்ட்கிரெஸ்ல ஒரு உதாரணம் எடுத்துக்கங்க. 10:00:05க்கு ஒருத்தர் எக்செல்ல இருந்து ஒரு கட்டு இன்வாய்ஸை இம்போர்ட் பண்றார், எல்லாம் ஒரே ட்ரான்சாக்‌ஷன், முடிய ரெண்டு நிமிஷம் ஆகுது. நடுவுல 10:00:50க்கு கவுண்டர்ல ஒரு சின்ன பில் போட்டு உடனே கமிட் ஆயிடுது. 10:01க்கு உங்க ஃப்ளோ வந்து பார்க்குது, இம்போர்ட் இன்னும் கமிட் ஆகல, அதனால அது கண்ணுக்கே தெரியாது, கவுண்டர் பில்லை மட்டும் எடுத்துட்டு ‘10:00:50 வரைக்கும் பார்த்தாச்சு’ன்னு குறிச்சு வச்சுட்டுப் போயிடுது. 10:02க்கு மேல இம்போர்ட் கமிட் ஆகுது, ஆனா அந்தக் கட்டுல உள்ள ஒவ்வொரு ரோவுலயும் 10:00:05னுதான் இருக்கும். அடுத்த ரன் 10:00:50க்கு மேல உள்ளதைத்தானே தேடும்? அந்த ரோவை இனி யாராவது எடிட் பண்ணினாத்தான் உண்டு, இல்லன்னா அந்தக் கட்டு மொத்தமும் போச்சு.

உடனே ‘சரி, டைம் வேண்டாம், ஐடி வச்சுப் பார்க்கறோம்’னு வருவாங்க. அதுவும் இதேதான்! ஐடிக்கு வரிசையா வர்ற சீக்வென்ஸ் நம்பர் ரோவை இன்சர்ட் பண்ணும்போதே கிடைச்சுடும், 501 கமிட் ஆகறதுக்கு முன்னாடி 502 கமிட் ஆகலாம். எஸ்க்யூஎல் சர்வர்ல, ரோ மாறும்போதெல்லாம் ஏறற ரோவெர்ஷன் நம்பர் வச்சாலும் இதே ஓட்டை இருக்கு, அதனாலதான் அவங்களே, இன்னும் கமிட் ஆகாததுல சின்ன நம்பர் எதுன்னு சொல்ற மின் ஆக்டிவ் ரோவெர்ஷன்னு ஒரு ஃபங்ஷன் கொடுத்திருக்காங்க, அது எத்தனை பேர் யூஸ் பண்றாங்கன்னு தெரிஞ்சா வருத்தமா இருக்கும். டெஸ்டிங்ல இது மாட்டவே மாட்டாது, ஏன்னா டெஸ்ட்ல ஒருத்தர் ஒரு ரோ போட்டு, சேவ் பண்ணி, வந்துருச்சான்னு பார்ப்பார். மாசக் கடைசில பெரிய பேட்ச் ஓடும்போதுதான் வெடிக்கும்.

இப்படி அப்பப்போ போய்ப் பார்க்கற போலிங்தான் முடியும்னா தாராளமா பண்ணுங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் குறிச்சு வச்ச நேரத்துக்கும் முன்னாடி போய் எடுங்க, உங்ககிட்ட எவ்வளவு நீளமான ட்ரான்சாக்‌ஷன் ஓடுமோ அதை விட அதிகமா. ஏற்கனவே அனுப்பினதை கீயும் அப்டேட்டட் அட்டும் சேர்த்து வச்சு ஒதுக்கிடலாம். டெலீட் ஆன ரோ போலிங்ல தெரியவே தெரியாது, அதுக்கு டெலீட்டட்னு ஒரு ஃப்ளாக் வைங்க. டிபிஏ, அதாவது டேட்டாபேஸை நிர்வாகம் பண்றவர், நேரா அப்டேட் அடிச்சா அப்டேட்டட் அட் மாறாது, அதை அப்ளிகேஷன் கோடு பார்த்துக்கும்னு விடாம டேபிள் லெவல்லயே செட் பண்ணுங்க.

ரோ மாறினதும் டேட்டாபேஸே தானா ஓட்டற ட்ரிகர் வைக்கறவங்களுக்கு ஒண்ணு. ட்ரிகருக்குள்ள இருந்து வெளி சாஃப்ட்வேரோட ஏபிஐயைக் கூப்பிடாதீங்க. அந்தப் பக்கம் பதில் வர லேட்டானா மத்தவங்க அந்த ரோவை மாத்த முடியாம உங்க பூட்டு (lock) அதுவரைக்கும் பிடிச்சிருக்கும், அப்புறம் கமிட் ஆகாம ரோல்பேக் ஆனா இல்லாத ஆர்டருக்கு கஸ்டமருக்கு மெசேஜ் போயிருக்கும். அதே ட்ரான்சாக்‌ஷன்ல அனுப்ப வேண்டியதை ஒரு அவுட்பாக்ஸ் டேபிள்ல எழுதுங்க, வேற ஒரு வொர்க்கர் எடுத்து அனுப்பட்டும். அந்த அவுட்பாக்ஸையும் கடைசி ஐடி வச்சுப் படிக்காம, ‘இன்னும் அனுப்பாதது’ எதுன்னு ஸ்டேட்டஸ் வச்சுப் படிங்க, இல்லன்னா மேல சொன்ன அதே குழி. எஸ்க்யூஎல் சர்வர்ல பல்க் இன்சர்ட் பண்ணினா, தனியா சொன்னாலொழிய ட்ரிகர் ஓடாதுங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

எனக்குக் கேட்டா, வசதி இருந்தா, டேட்டாபேஸ் தன்னோட மாற்றங்களை எழுதி வைக்கற லாக்ல (log) இருந்து படிக்கறதுதான் சரி, டெபீசியம்ங்கற டூல் பண்ற மாதிரி. கமிட் ஆன வரிசைலயே வரும், டெலீட்டும் வரும், நடுவுல ஒரு ரோ மூணு தடவை மாறினா மூணும் வரும். ஆனா வச்சுட்டு மறந்துடக் கூடாது. போஸ்ட்கிரெஸ்ல லாக்கை எதுவரைக்கும் படிச்சாச்சுன்னு குறிச்சு வைக்கற ரெப்ளிகேஷன் ஸ்லாட் போட்டு, படிக்கற கனெக்டர் நின்னுட்டா, அதுக்காக லாக் ஃபைலை டேட்டாபேஸ் சேர்த்துக்கிட்டே போகும், டிஸ்க் ரொம்பி ப்ரொடக்‌ஷனே படுத்துரும். 13வது வெர்ஷன்ல இருந்து மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்னு ஒரு வரம்பு வைக்கலாம், டீஃபால்ட்டா வரம்பே கிடையாது, தயவுசெஞ்சு போய் பாருங்க. வரம்பு தாண்டினா ஸ்லாட் செத்துரும், திரும்ப முழு ஸ்னாப்ஷாட் எடுக்கணும், அதனால அலர்ட்டும் வேணும். மாற்றங்களைத் தனியா எழுதி வைக்கற எஸ்க்யூஎல் சர்வர் சிடிசி வேற மாதிரி, டீஃபால்ட்டா 3 நாள் டேட்டாதான் வச்சிருக்கும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நின்ன கனெக்டரை செவ்வாய்க்கிழமை பார்த்தா நடுவுல கொஞ்சம் போயிருக்கும். எந்த வழியா இருந்தாலும் ஒரே ஈவென்ட் ரெண்டு தடவை வரலாம், வாங்கற பக்கம் அதைத் தாங்கணும், ஒரு இன்வாய்ஸ் ரெண்டா விழக்கூடாது.

இது எல்லாத்துக்கும் மேல தினமும் ராத்திரி ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடற ஒரு ஜாப் போடுங்க, எண்ணிக்கை, தொகை ரெண்டும். மாசக் கடைசி வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?

புதுசா இன்டகிரேஷன் வாங்கறவங்க கோ லைவுக்கு முன்னாடி இதை மட்டும் உங்க கண் முன்னாடி செய்யச் சொல்லுங்க. ரெண்டு விண்டோ திறங்க. ஒண்ணுல ட்ரான்சாக்‌ஷன் ஆரம்பிச்சு ஒரு ரோ போட்டுட்டு கமிட் பண்ணாம விடுங்க. இன்னொண்ணுல வேற ரோ போட்டு கமிட் பண்ணுங்க. ஃப்ளோ ஒரு தடவை ஓடட்டும். அப்புறம் முதல் விண்டோல கமிட் அடிங்க. அடுத்தடுத்த ரன்ல அந்த ரோ அந்தப் பக்கம் வந்து சேரலைன்னா கையெழுத்து போடாதீங்க.