மாத்திரை முடிந்தாலும் பாதத்தைப் பாருங்கள்

தொழுநோய் குணமாகும் என்பது இன்று பலருக்கும் தெரியும். குணமான பிறகு பாதத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் தெரிவதில்லை. தோல் மருத்துவராக நான் பார்க்கும் பழைய நோயாளிகளில் பலர் ஆறாத புண்ணோடுதான் வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதில் பெரும்பகுதி, கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயுள் முழுக்கச் சேவை செய்த ஒரு கன்னியாஸ்திரியிடம் கற்றுக்கொண்டது.

நர்ஸிங் முடித்த கையோடு அந்த ஊருக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். சுற்றுவட்டாரத்துக்கே அவர் 'சிஸ்டரம்மா'. அவர் வந்த காலத்தில் டாப்சோன் மாத்திரை மட்டும்தான். வருஷக்கணக்கில் விழுங்க வேண்டும். 1980களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. ஆறு மாதம், அல்லது இரண்டு வருஷம்; பின்னாளில் அதுவும் பன்னிரண்டு மாதமாகக் குறைந்தது, அவ்வளவுதான். வார்டில் கட்டில்கள் காலியாயின. ஆனால் சிஸ்டரம்மாவின் காலை நேர வேலை மட்டும் குறையவே இல்லை.

வராந்தாவில் வரிசையாகப் பிளாஸ்டிக் டப்புகள், அவற்றில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் கூடவே கூடாது, சுடுவது அந்தக் கால்களுக்குத் தெரியாது. இருபது நிமிடம் ஊறிய பிறகு, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார். அப்புறம் முட்டிபோட்டு உட்கார்ந்து, புறங்கையால் உள்ளங்கால் முழுக்கத் தொட்டுப் பார்ப்பார். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே சதை நசுங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். புண் வெடிப்பதற்கு முன்பே அது தெரிந்துவிடும். செருப்புக்குள்ளும் விரல் விட்டுத் தடவுவார். ஒரு பெரியவரின் செருப்பைத் துளைத்து கருவேல முள் ஒன்று குதிகாலில் ஏறியிருந்தது. அவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அதோடுதான் நடந்து வந்திருந்தார்.

"ஐயா, ரெண்டு வாரம் இந்தக் கால ஊனக்கூடாது."

"கூலிக்குப் போவணுமே சிஸ்டரம்மா."

"அப்ப மாவுக்கட்டுப் போட்டுடுறேன். கட்டோட வீட்டுல இருங்க, அரிசிக்கு நான் சொல்றேன்."

சொன்னபடி அரிசியும் போனது.

விரல்கள் அழுகி உதிர்வதாகத்தான் இன்றும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கிருமி நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போகிறது. வலிக்காததால் காயத்தோடே நடக்கிறார்கள்; சீழ் எலும்புவரை போய் விரல் குறைந்துவிடுகிறது. மருந்து கிருமியைக் கொல்லும். முற்றிலும் கெட்டுப்போன நரம்பை மீட்டுத் தராது. அதனால்தான் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பும் தினசரிப் பராமரிப்பும் ஆயுளுக்கும் வேண்டும். சிஸ்டரம்மா இதைத் தன் கையோடு வைத்துக்கொள்ளவில்லை. மனைவிக்கும் பிள்ளைக்கும் பழக்கினார், தனியாக இருப்பவருக்குச் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து உள்ளங்காலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அரசுத் திட்டங்கள் மாத்திரையை வீடுவரை கொண்டுபோயிருக்கின்றன. இந்தப் பொறுமையான வேலைக்குத்தான் இன்னும் ஆள் போதவில்லை.

2005 டிசம்பரில், தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியது. நோயே ஒழிந்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொண்டார்கள். இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான். விவாகரத்துக்கான காரணங்களில் தொழுநோயும் ஒன்று என்ற சட்டப்பிரிவுகள் 2019 வரை இருந்தன. பயந்து மறைக்காமல் என்ன செய்வார்கள்?

உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து இலவசம். தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவர்களுக்குப் பரவும் தன்மை போய்விடும். கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும், குளோஃபாசிமின் தோலைக் கறுக்கவைக்கும். இரண்டுக்கும் பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம், நாளாவட்டத்தில் சரியாகிவிடும். கூட வசிப்பவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கிறார்கள், அதையும் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சையின்போதோ, முடிந்து பல மாதம் கழித்தோ முழங்கையில் நரம்பு வலித்தால், விரல் மடங்கினால், கண் மூட முடியாமல் போனால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு கொடுத்தால் அந்த நரம்பைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.