மெர்காப்டோபியூரினிடமிருந்து லுகேமியா செல் தப்புவது எப்படி?

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எல். எனப்படும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய். மருத்துவ வசதி மிகுந்த நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். அங்கே சிகிச்சை தோற்பதற்கு முக்கியக் காரணம், மறைந்த நோய் திரும்ப வருவதுதான். திரும்பி வரும் செல்கள் முன்பு பலித்த மருந்துகளுக்கு எளிதில் மசிவதில்லை. ஏன் என்பதை ஒரே ஒரு மாத்திரையை வைத்தே விளக்கிவிடலாம்.

அந்த மாத்திரை மெர்காப்டோபியூரின், மருத்துவமனை வழக்கில் 'சிக்ஸ் எம்.பி.'. ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கியது. 1953-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருவருக்கும் 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. தீவிர சிகிச்சை முடிந்தபின் வரும் நீண்ட பராமரிப்புக் கட்டத்தில் இதைத் தினமும், மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு மருந்தை வாரம் ஒருமுறையும் குழந்தை சாப்பிடுகிறது. மிஞ்சியிருக்கும் கடைசி லுகேமியா செல்களையும் ஒழிப்பதே நோக்கம்.

விழுங்கும்போது மெர்காப்டோபியூரின் முழுமையான மருந்து அல்ல. செல்லுக்குள் போன பிறகு எச்பிஆர்டி1 என்ற நொதி அதில் சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்ந்த பகுதியை இணைக்கிறது. அப்போதுதான் அது செல்லை விட்டு எளிதில் வெளியேற முடியாத நியூக்ளியோடைடு, அதாவது டி.என்.ஏ.வின் கட்டுமான அலகு போன்ற பொருள் ஆகிறது. அடுத்தடுத்த நொதிகள் அதைத் தயோகுவானின் நியூக்ளியோடைடாக மாற்றுகின்றன. உருவத்தில் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினை ஒத்திருப்பதால், டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது குவானின் இருக்க வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துவிடுகிறது.

ஆனால் இது உட்கார்ந்ததனால் மட்டும் செல் சாவதில்லை. அடுத்த முறை நகலெடுக்கும்போது, எதிரே குவானினுக்கு உரிய ஜோடியான சைட்டோசினுக்குப் பதில் தைமின் என்ற வேறு எழுத்து வந்து சேர்கிறது. பொருந்தாத இந்த ஜோடியைப் பிழை திருத்தும் நொதிகள் கண்டுபிடித்துத் தைமினை வெட்டி எடுக்கின்றன. கோளாறோ எதிர் இழையில் இருக்கிறது. ஆகவே நிரப்பும்போது மறுபடியும் தைமினே வருகிறது, மறுபடியும் வெட்டு. திருத்தத் திருத்த இழை அறுந்து, கடைசியில் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஆக, இந்த மருந்து கொல்ல வேண்டுமானால் செல்லின் இரண்டு அமைப்புகள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும்: மாத்திரையை நச்சாக்கும் நொதிகள் ஒன்று, பிழை திருத்தும் நொதிகள் மற்றொன்று. லுகேமியா செல் இரண்டிலும் கைவைக்கிறது.

முதல் வகைக்குத் தெளிவான உதாரணம் என்டி5சி2 மரபணு. நியூக்ளியோடைடிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுவது இதன் நொதிக்கு இயல்பான வேலை. செல்லில் பியூரின்கள் (குவானின் போன்ற கட்டுமானப் பொருள்கள்) மிகுந்துபோகும்போது மட்டும் அது முடுக்கப்படும். நோய் திரும்பிய குழந்தைகளின் செல்களில் இந்த மரபணு மாறியிருப்பதை 2013-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. அடிக்கடி காணப்படும் மாற்றத்தில் புரதத்தின் 367-ஆவது இடத்திலுள்ள அர்ஜினின் என்ற அமினோ அமிலம் குளூட்டமினாகிவிடுகிறது. அந்த ஒற்றை மாற்றத்தால் நொதி, மூடாத குழாய் போல ஓயாமல் இயங்கத் தொடங்குகிறது. மருந்தின் பாஸ்பேட் கழன்றுவிடுகிறது. மருந்து செல்லை விட்டு வெளியேறுகிறது. வெள்ளணுக்களில் டி-செல், பி-செல் என்று இரு வகை உண்டு; டி-செல் வகை ஏ.எல்.எல். திரும்பியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் இந்த மரபணு மாற்றம் இருந்தது. பி-செல் வகையில் அதைவிடக் குறைவு.

இதற்கு அந்தச் செல் ஒரு விலையும் கொடுக்கிறது. ஓயாத நொதி, செல்லுக்கு வேண்டிய சொந்தப் பியூரின்களையும் வெளியேற்றிவிடுவதால் அதன் வளர்ச்சி மந்தமாகிறது. மருந்து இல்லாத சூழலில் இது மற்ற லுகேமியா செல்களோடு போட்டியிட முடியாது. தினமும் மாத்திரை வரும் சூழலில் இதுவே மிஞ்சுகிறது. நோய் கண்டறியும்போது எடுத்த மஜ்ஜையில் இந்த மாற்றம் பெரும்பாலும் தென்படாததற்கும், சிகிச்சையின்போதோ அது முடிந்த சில காலத்திலோ திரும்பும் நோயில் தலைகாட்டுவதற்கும் இதுவே காரணம். பிஆர்பிஎஸ்1 மரபணுவின் மாற்றம் வேறு வழியில் அதே பலனைத் தருகிறது. செல் பியூரினை அளவின்றி உற்பத்தி செய்ய, அந்தக் குவியல் எச்பிஆர்டி1 நொதியிடம் மருந்தோடு போட்டியிட்டு, மருந்து நச்சாவதைத் தடுக்கிறது.

இரண்டாவது வகைதான் மிகவும் கவலைக்குரியது. எம்எஸ்எச்6 போன்ற பிழை திருத்தும் மரபணுவைச் செல் இழந்துவிட்டால், தயோகுவானினும் தைமினும் சேர்ந்த தவறான ஜோடியை யாரும் கவனிப்பதில்லை. செல் சாகாமல் பிரிகிறது; தவறு நிரந்தர மரபணு மாற்றமாகப் பதிகிறது. அதாவது, கொல்ல வந்த மருந்தே புதிய மாற்றங்களை உண்டாக்குகிறது. அது விட்டுச்செல்லும் தடயத்தை நோய் திரும்பிய செல்களின் மரபணு வரிசையில் அடையாளம் காண முடிகிறது. பழுதான செல்லைச் சாகவைக்க உதவும் டிபி53 மரபணுவின் 248-ஆவது இடத்தில் வரும் ஒரு மாற்றம் இந்தத் தடயத்தோடு பொருந்துவதை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. டிபி53 கெட்டால் ஒரு மருந்து மட்டுமல்ல, பல மருந்துகளும் பலிக்காமல் போகலாம்.

பெற்றோர் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்டி5சி2, பிஆர்பிஎஸ்1 பற்றி மேலே சொன்ன மாற்றங்கள் லுகேமியா செல்லுக்குள் பின்னால் தோன்றியவை. தாயோ தந்தையோ கொடுத்தவை அல்ல. பரம்பரையாக வருவது வேறு: என்யூடிடி15 மரபணு. இதன் நொதி தயோகுவானின் நச்சைத் தணிக்கும். அது குறைந்தால் மருந்து பலிக்காமல் போவதில்லை. அளவுக்கு மீறிப் பலித்து வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். ஐரோப்பியரைவிடக் கிழக்காசியரிடமும் நம் இந்தியத் துணைக்கண்டத்தினரிடமும் இந்தக் குறை அதிகம். ஆகவே வசதியிருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது நம்மவர்களுக்கு மிக அவசியம்.

உடற்பரப்பு 0.8 சதுர மீட்டர் உள்ள குழந்தைக்கு, மெர்காப்டோபியூரின் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் என்றால் தினம் 60 மில்லிகிராம். கையில் இருப்பது 50 மில்லிகிராம் மாத்திரை. எனவே வாரத்தில் நான்கு நாள் ஒன்று, மூன்று நாள் ஒன்றரை என்று பிரித்துக் கொடுப்பார்கள். என்யூடிடி15-இன் இரண்டு பிரதிகளும் பழுதான குழந்தைக்குப் பரிந்துரைக்கப்படும் தொடக்க அளவு சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராம்தான். வாரம் முழுவதற்கும் ஒரு மாத்திரையைவிடச் சற்றே அதிகம். இது அரைகுறை சிகிச்சை அல்ல. அந்தக் குழந்தையின் செல்லுக்குள் சேரும் நச்சுக்கு அதுவே முழு அளவு. பிறகு இரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள். பல நெறிமுறைகளில் இலக்கு மைக்ரோலிட்டருக்கு 500 முதல் 1,500 வரை.

எண்ணிக்கை இலக்குக்கு மேலேயே நின்றால் உடனே மரபணுவைச் சந்தேகிக்க வேண்டாம். மாத்திரை தவறாமல் உள்ளே போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நூறு வேளையில் ஐந்துக்கு மேல் தவறினாலே நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதை அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. பிள்ளை நன்றாக ஓடியாடும் மாதங்களிலும் இந்தத் தவறல் நேரலாம்.

மற்ற மருந்துகளுக்கும் இதே கதைதான். சில மரபணுக்கள் மாறினால் அவையும் பலிக்காமல் போகலாம்: ஸ்டீராய்டுக்கு என்ஆர்3சி1, கிரெப்பிபி மரபணுக்கள், மெத்தோட்ரெக்சேட்டுக்கு எஃப்பிஜிஎஸ். அதனால்தான் டி.என்.ஏ.வைத் தொடாத பிளினாடுமொமாப் போன்ற மருந்துகள் முக்கியமாகின்றன. லுகேமியா செல்லின் மேலிருக்கும் சிடி19 புரதத்தைப் பிடித்து, அதன் மீது குழந்தையின் சொந்த டி-செல்லை ஏவிவிடும் மருந்து அது. நோய் திரும்பும் அபாயம் நடுத்தரமாகவோ அதைவிட அதிகமாகவோ உள்ள, 'ஸ்டாண்டர்டு ரிஸ்க்' பிரிவு பி-செல் வகைக் குழந்தைகளுக்கு இதை வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தபோது, மூன்றாண்டு கழித்து நோயின்றி இருந்தவர்கள் 87.9 சதவீதத்திலிருந்து 96 சதவீதமாக உயர்ந்ததாக 2024 டிசம்பரில் வெளியான பரிசோதனை முடிவு சொல்கிறது. சிடி19-ஐயே கைவிட்டுத் தப்பும் செல்களும் உண்டு. ஆனால் மெர்காப்டோபியூரின் நச்சாவதைத் தடுக்கக் கற்ற வழிகள் இந்த மருந்தின் முன் அந்தச் செல்லுக்கு நேரடியாக உதவுவதில்லை.