சொல் விளக்கம்: போஸ்ட்டாக்

பர்கூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, பெங்களூரில் போஸ்ட்டாக் ஆக இருக்கிறாள். "இன்னுமா படிப்பு முடியவில்லை?" என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் அவள் அம்மா, "டாக்டருக்கு மேலே ஏதோ படிக்கிறாள்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவளைப் பற்றிய பேச்சு இது! அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். குறை அந்தச் சொல்லில் இருக்கிறது.

போஸ்ட்டாக் என்பது 'போஸ்ட்டாக்டரல்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். லத்தீனில் 'போஸ்ட்' என்றால் பின். 'டாக்டர்' என்பது கற்பித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது; ஆசிரியர் என்பதே அதன் பழம்பொருள். சேர்த்துப் பார்த்தால் 'முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய' என்று காலம் மட்டுமே கிடைக்கிறது. செய்யும் வேலை அதில் இல்லை. உண்மையில் இது பட்டமே அன்று. தேர்வு கிடையாது, பட்டமளிப்பு விழா கிடையாது. ஓர் ஆய்வகத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஊதியம் பெற்று ஆராயும் தற்காலிகப் பணி.

சந்தூர்ப் பக்கத்து மாங்கன்றுப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கொட்டையில் முளைத்த செடியின் தலையைச் சீவி, தண்டைப் பிளந்து, தாய்மரத்துக் குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். ஒட்டு சேர்ந்து துளிர் விட்டாலும் கன்று உடனே தோட்டத்துக்குப் போவதில்லை. சில காலம் பண்ணையிலேயே தேற வேண்டும். முனைவர் பட்ட ஆய்வை வழிநடத்திய நெறியாளரை விட்டுப் பிரிந்து, சொந்த ஆய்வகம் அமைக்கும்வரை உள்ள காலமும் அப்படித்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்' என்கிறது தொல்காப்பிய மரபியல். அங்கே இறைவனைக் குறிப்பதாக உரைகாரர்கள் கொண்ட முனைவன்தான், இன்று ஆய்வுப் பட்டம் பெற்றவருக்கு முனைவர் ஆகியிருக்கிறது. போஸ்ட்டாக்கை 'முதுமுனைவர்' என்பாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது டி.லிட். பட்டத்துக்கும் வழங்குகிறது, இன்னொரு பட்டம் என்ற மயக்கத்தையே வளர்க்கும். 'முனைவர் பட்ட மேலாய்வு' என்ற வழக்கு நல்லது. செய்பவர் மேலாய்வாளர். வேலை இன்னது என்று சொல்லிலேயே தெரிகிறது.

வேலை தேடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறிவியல், பொறியியல் துறைகளில் இதே பணி பல பெயர்களில் அறிவிக்கப்படுகிறது. ஆய்வுத் திட்டங்களில் 'ரிசர்ச் அசோசியேட்' என்றிருக்கும். மத்திய அரசு நிதியில் நடக்கும் திட்டங்களில் இதற்கு 2023 முதல் மாதம் 58,000 ரூபாயிலிருந்து 67,000 ரூபாய் வரை மூன்று நிலைகளும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் உண்டு. நிறுவனமே நேரடியாக எடுத்தால் 'இன்ஸ்டிடியூட் போஸ்ட்டாக்'. தேசிய உதவித்தொகை என்றால் 'ஃபெல்லோ'. ஒரே பெயரில் தேடினால் பாதி வாய்ப்பு கண்ணில் படாது. விளம்பரமே வராத இடங்களும் பல. அங்கெல்லாம் பேராசிரியருக்கு நேரே கடிதம் எழுத வேண்டும். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் நாம் எதை முன்னெடுக்க முடியும் என்று நாலு வரியில் சொல்ல வேண்டும். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு ஆறு மாதம் முன்பே எழுதத் தொடங்குவது நல்லது.