உத்திரத்துக்கு ஒரு லாடம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் என் மாமாவுக்கு ஒரு ஜவுளிக்கடை. அகலம் பத்தடிதான், ஆனால் பழைய கட்டடம் என்பதால் உயரம் பதினாறடி. அதைச் சும்மா விடுவானேன் என்று பாதி உயரத்தில் மரத்தாலேயே ஒரு மச்சு போட்டுச் சரக்கு அடுக்கிவிட்டார். ஒரு வருஷம் கழித்து, மேலே நடந்தால் கிறீச் கிறீச் என்று சத்தம். "மாப்ள, இஞ்சினியரிங் படிச்சேல்ல, ஏணி இருக்கு, ஏறிப் பாரு" என்றார்.

இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி நீளவாக்கில் பெரிய விட்டம். அவற்றுக்குக் குறுக்கே 40 செ.மீ.க்கு ஒன்றாக உத்திரங்கள். ஒவ்வொரு உத்திரத்தின் நுனியும் துத்தநாகம் பூசிய ஒரு இரும்புத் தகட்டுத் (ஜி.ஐ.) தொட்டிலில் உட்கார்ந்திருந்தது, இதற்கு ஜாய்ஸ்ட் ஹேங்கர் என்று பெயர். மாமாவின் ஆசாரி இதை லாடம் என்கிறார். குதிரை லாடத்தைப் போல வளைந்து, சுற்றிலும் ஆணித்துளையோடு இருப்பதால் பெயர் நன்றாகவே பொருந்துகிறது, நானும் அப்படியே சொல்கிறேன்.

நம் ஊர்ப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இந்த வம்பே கிடையாது, தேக்கு உத்திரத்தின் நுனியைச் சுவருக்குள்ளேயே சொருகிவிடுவார்கள். அந்த மாதிரி வீட்டை இடிக்கும்போது பார்த்திருந்தால் தெரியும்: நடுக்கட்டை புதுசு போல இருக்கும், சுவருக்குள் இருந்த நுனி ஈரத்திலும் கரையானிலும் மாவாகிப் போயிருக்கும். மரத்தோடு மரம் சேர்ப்பதில் சிக்கல் வேறு மாதிரி. விட்டத்தின் வெளிப்பக்கமிருந்து உத்திரத்தின் தலையில் ஆணி அடித்தால், ஆணி நார் ஓடும் திசையிலேயே இறங்குகிறது, பிடிப்பு மோசம். சரி, நுனியின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டு ஒரு சட்டத்தின் மேல் உட்கார வைக்கலாம் என்றால், அந்த வெட்டின் மூலையிலிருந்து நார்வாக்கில் விரிசல் ஓடும். லாடம் இரண்டையும் தவிர்க்கிறது: உத்திரத்தை அடியிலிருந்து முழுசாகத் தாங்கி, அந்தப் பாரத்தை ஆணிகள் வழியாக விட்டத்தின் முகத்துக்குக் கடத்துகிறது. தகடு சும்மா ஒரு பை மாதிரிதான், சுமப்பது ஆணி.

எவ்வளவு பாரம் என்பதைக் கையாலேயே கணக்குப் போடலாம். வீட்டு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ என்கிறது கட்டடப் பாரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875. பலகை, உத்திரத்தின் சொந்த எடைக்கு ஒரு 50 கிலோ சேர்த்துக்கொள்வோம். உத்திர நீளம் 3 மீட்டர், இடைவெளி 0.4 மீட்டர், ஆக ஓர் உத்திரத்தின் மேல் 250 × 0.4 × 3 = 300 கிலோ. அதில் பாதி, 150 கிலோ, ஒரு லாடத்துக்கு. ஆனால் இது வீடு இல்லையே. வேட்டிக் கட்டுகளை இடுப்புயரம் அடுக்கியதில் சதுர மீட்டருக்கு 500 கிலோ ஏறியிருந்தால், அதே லாடத்துக்கு 330 கிலோ.

இனி ஆணி. பைன் மாதிரி மரத்தில் 3.75 மி.மீ. தடிமனுள்ள ஓர் ஆணியைப் பக்கவாட்டில் சுமார் 50 கிலோ வரை நம்பலாம். விட்டத்துப் பக்கம் எட்டுத் துளை இருந்தால் 400 கிலோ. மாமா கடையில் பல லாடங்களில் எட்டில் நாலுதான் ஆணி, அதாவது 200 கிலோ தாங்க வேண்டியது 330 சுமந்துகொண்டிருந்தது. இன்னும் விழாததற்குக் காரணம், அந்த 50 என்ற எண்ணிலேயே தாராளமாக ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள் என்பதுதான். "இம்புட்டு ஆணி எதுக்கு, நாலு அடிச்சாப் போதாதா?" என்று ஆசாரி கேட்டது நியாயமான கேள்விதான், துளை எல்லாம் அழகுக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இதைவிட மோசம், சில துளைகளில் ஜிப்சம் சீலிங்குக்குப் போடும் கருப்பு ஸ்க்ரூ. ஒன்றை லேசாகத் தட்டினேன், தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. அது கெட்டிப்படுத்திய எஃகு, வளையத் தெரியாது, பாரம் ஏறினால் ஒடியும். நல்ல ஆணி வளைந்து கொடுத்து, பாரத்தைப் பக்கத்து ஆணியோடு பகிர்ந்துகொள்ளும். லாடத்துக்கென்றே செய்த ஸ்க்ரூ உண்டு, அது வேறு.

சில மாடல்களில் பக்கத்தகட்டில் சாய்வாகப் புடைத்த துளைகள் இருக்கும். அதில் அடிக்கும் ஆணி உத்திரத்தைச் சாய்வாகத் துளைத்துப் போய் விட்டத்தில் இறங்க வேண்டும், அப்போதுதான் ஒரே ஆணிக்கு இரட்டைப் பிடிப்பு. அங்கே ஒன்றரை அங்குலக் குட்டி ஆணியை அடித்தால் விட்டத்தை எட்டவே எட்டாது. வெளியே தலையைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், அதனால் அடிக்கும்போதே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வாங்கும்போது நாம் மாட்டிக்கொள்வது அகலத்தில். அமெரிக்க அளவு லாடத்தின் உள் அகலம் 38 மி.மீ. மரத்துக்கானது, நம் மரக்கடையில் இரண்டு அங்குலம் என்று கேட்டால் கிட்டத்தட்ட 50. மாமா கடையில் சில லாடங்களைச் சுத்தியலால் விரித்திருந்தார்கள், வளைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு வெடித்துச் செந்துரு எட்டிப்பார்த்தது. மரத்துக்கு ஏற்ற லாடம் கிடைக்காவிட்டால் லாடத்துக்கு ஏற்ற அளவில் முழு உத்திரத்தையும் அறுத்து வாங்குவது மேல். உயரமும் உத்திரத்தில் அறுபது சதவீதமாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் உத்திரம் பக்கவாட்டில் புரளப் பார்க்கும். அப்புறம், கரையானுக்காகத் தாமிர மருந்து ஏற்றிய, லேசாகப் பச்சை ஓடிய மரமாக இருந்தால், அது சாதாரண துத்தநாகப் பூச்சைச் சீக்கிரம் தின்றுவிடும், தடித்த பூச்சோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும், ஆணியும் அதே வகையில்.

சரி, அந்தக் கிறீச்? பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து உத்திரத்துக்கும் லாடத்தின் அடித்தட்டுக்கும் நடுவே விட்டேன், அந்தப் பக்கம் வரை வழுக்கிக்கொண்டு போனது. ஈரம் காயாத மரத்தை மாட்டியிருக்கிறார்கள். மதுரை வெயிலில் ஒரு கோடை காய்ந்ததும் உத்திரம் உயரத்தில் மூன்று நான்கு மி.மீ. சுருங்கி, பக்கவாட்டு ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. மிதித்தால் இறங்கும், விட்டால் ஏறும், ஆணி மரத்தில் உரசும். உத்திரத் தலைக்கும் விட்டத்துக்கும் நடுவிலும் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, இரண்டு இடத்தில் விரலே நுழைந்தது.

சரக்கை இறக்கி, ஜாக்கி முட்டுக்கொடுத்து, விரித்த லாடங்களை மாற்றிவிட்டு, மீதியில் விட்ட துளையெல்லாம் ஆணி அடித்து, அடியில் தகட்டுத் துண்டு செருகினோம். குட்டையாக அறுத்திருந்த இரண்டு உத்திரங்களை மாற்ற வேண்டியதாயிற்று. "இனி கட்டு ஏத்தலாமா?" என்றார் மாமா. லாடம் தாங்கும், உத்திரம் வளையாமல் தாங்குமா என்பது தனிக் கணக்கு. அதைப் போட்டு முடிக்கும் வரை நடுவில் வேண்டாம், விட்டத்தை ஒட்டிக் கொஞ்சமாக வையுங்கள் என்றேன். உத்திரத்துக்கு வளைவு குறையும், ஆனால் அந்தப் பாரம் கிட்டத்தட்ட முழுசாக அந்தப் பக்கத்து லாடத்தின் தலையிலேயே இறங்கும், அதனால் இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து இடுப்புக்குக் கீழேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.