இடியாப்ப வலி இல்லை ஆச்சி

காரைக்குடிப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். வீட்டில் விசேஷம் முடிந்த மறுவாரம் மணிக்கட்டு வலி என்று யாராவது வந்தால், முதல் சந்தேகம் அடுப்படி மேல்தான். அதனால் பங்குனி வெயிலில் ஒரு ஆச்சி வலது கட்டைவிரலின் அடியைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, "இடியாப்பம் நிறையப் பிழிஞ்சீங்களா?" என்றுதான் கேட்டேன். ஆச்சி பதில் சொல்லவில்லை. ஓலைக் கூடையான கொட்டானைத் திறந்து, சுண்டுவிரல் கனத்தில் இரண்டு ஊசியையும் புசுபுசுவென்று ஒரு கம்பளி நூல் உருண்டையையும் எடுத்து மேசையில் வைத்தார்.

டொரண்டோவில் இருக்கும் பேத்திக்காம். அங்கே இப்போதுதான் பனி கரைகிறது. கனத்த கோட்டைக் கழற்றலாம், ஆனால் கழுத்தில் காற்று அறையும். அதற்குத் தலைவழியாக மாட்டிக்கொள்ளும் கழுத்து வளையம், கௌல் என்கிறார்கள். ஒரே சாயங்காலத்தில் போட்டுவிடலாம் என்று யூடியூபில் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை டொரண்டோவுக்குக் கிளம்பும் சொந்தக்காரரிடம் கொடுத்தனுப்ப, இரண்டு நாளில் மூன்று போட்டாயிற்று.

யூடியூப் பொய் சொல்லவில்லை. தடித்த நூலில் ஓர் அங்குலத்துக்கு இரண்டு கண்ணிதான், அதாவது இரண்டு நூல் வளையம்தான், வரும். 24 அங்குலச் சுற்றுக்கு 48 கண்ணி, 20 வரி, மொத்தம் 960. வழக்கமான ஸ்வெட்டர் நூலில் அதே அளவுக்கு 6,000-ஐத் தாண்டும். அதில் நாலு வரி போட்டால் அலுப்பு வந்து நாமே கீழே வைத்துவிடுவோம். தடித்த நூலில் துணி கண்ணெதிரே வளர்கிறது, "இன்னும் ரெண்டு வரிதானே" என்று கை நிற்காது. அங்கேதான் வினை.

கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டோரம் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. தடித்த ஊசியைப் பிடிக்கக் கட்டைவிரல் அகன்றே இருக்க வேண்டும். வெயிலில் கை வியர்த்தால் நூல் வழுக்கி வராது, பிடி இன்னும் இறுகும். ஆச்சி நீள ஊசியில் தட்டையாகப் பின்னி ஓரத்தைச் சேர்த்துத் தைப்பவர்; பின்னிய துணியின் பாரம் முழுக்க ஊசி நுனியில் தொங்கும், அதைத் தாங்குவது மணிக்கட்டு. உறை தடித்து, தசைநாண் உரசி வலிக்கும். 1895-இல் இதை விவரித்த சுவிஸ் மருத்துவர் டி குவெர்வெய்ன் பெயரில்தான் இன்றும் அழைக்கிறோம்.

வீட்டிலேயே பார்க்கலாம். கட்டைவிரலை உள்ளே மடக்கி விரல்களை மூடுங்கள். மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கொஞ்சம் இழுத்தால் பரவாயில்லை, அது எல்லாருக்கும் இருக்கும். மற்ற கையைவிடச் சுரீரென்று வலித்தால் ஊசியைக் கீழே வையுங்கள். ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் கையை உதறவேண்டி வந்தால் அது வேறு, நரம்பு அழுத்தம். சர்க்கரை உள்ளவர்கள் அதைத் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

ஆச்சி என்னிடம் வருமுன் சுளுக்கு எடுத்திருந்தார். எண்ணெய் போட்டு அழுத்தி உருவியதில் வீக்கம் கூடியிருந்தது. புண்பட்ட உறையை மேலும் தேய்த்தால் வேறென்ன ஆகும்? துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை சில வாரம், அப்புறம்தான் பயிற்சி. அடங்காவிட்டால் ஊசி மருந்து பலருக்குக் கேட்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதில் சில நாள் அளவு ஏறும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பின்னலை நிறுத்தச் சொன்னால் ஆச்சி என்னிடம் வருவதைத்தான் நிறுத்துவார். வலி இறங்கியபின் வட்ட ஊசிக்கு மாறச் சொல்லியிருக்கிறேன். இரண்டு முனையையும் ஒயர் இணைப்பதால் பாரம் மடியில் உட்காரும், ஓரம் தைக்கும் வேலையும் மிச்சம். வளவுத் தரையில் சம்மணமிட்டுக் குனியாமல், நாற்காலியில் முழங்கைக்கு ஒரு தலையணை. இருபது நிமிடத்துக்கு அலாரம்.

"கடைசி வரியை மூடும்போது அலாரம் அடிச்சா?" என்றார். கண்ணி அவிழாமல் முடிக்கும் அந்த மூடும் வரிதான் கையை அதிகம் இறுக்குவது. அதை மறுநாள் காலைக்கு வையுங்கள் என்றேன். ஆச்சிக்கு அதில் உடன்பாடில்லை.