முணுமுணுக்க வரும் மெட்டு எங்கே உருவாகிறது?

1984 ஜூன் மாதம் நியூயார்க்கில், அந்த ஊரின் புகழ்பெற்ற நாடக வட்டாரமான பிராட்வேயின் நாடகங்களுக்குத் தரும் டோனி விருது விழாவில், இசை நாடகங்களுக்கான சிறந்த இசை விருது ஜெர்ரி ஹெர்மனுக்குப் போனது. நாடகத்தின் பெயர் ‘லா காஜ் ஓ ஃபோல்’. மேடையேறிய ஹெர்மன், எளிமையான, முணுமுணுக்கத் தோதான பாட்டுக்கு பிராட்வேயில் இனி இடமில்லை என்று சில வருஷமாக ஒரு பேச்சு உலவுவதாகச் சொன்னார். ஆனால் அந்த மாதிரிப் பாட்டு பேலஸ் தியேட்டரில் நன்றாகவே உயிரோடு இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். பேலஸ், அவருடைய நாடகம் நடந்துகொண்டிருந்த அரங்கு. அதே பிரிவில் அன்று தோற்றவர்களில் ஒருவர் ஸ்டீபன் சாண்ட்ஹைம். அவருடைய ‘சண்டே இன் த பார்க் வித் ஜார்ஜ்’ போட்டியில் இருந்தது. ஹெர்மன் சொன்னது சாண்ட்ஹைமைக் குறிவைத்துத்தான் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். தன் மனதில் அப்படி எதுவும் இல்லை என்று ஹெர்மன் பிற்பாடு விளக்கிப் பார்த்தார், எடுபடவில்லை. நாற்பது வருஷம் தாண்டியும் பிராட்வே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அந்த முடிவைப் பற்றி வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதை வெறும் ரசனைச் சண்டை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அடியில் ஒரு நல்ல அறிவியல் கேள்வி இருக்கிறது. ஒரு மெட்டு வாயில் ஒட்டிக்கொள்வது மெட்டின் குணமா, கேட்பவருடைய குணமா? எத்தனை தடவை கேட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்ததா?

முதலில் விருதைப் பற்றி ஒரு வார்த்தை. டோனியின் இந்தப் பிரிவில் மெட்டும் பாடல் வரியும் சேர்ந்துதான் எடைபோடப்படுகின்றன. எந்த வாத்தியம் எங்கே வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதும் ஆர்க்கெஸ்ட்ரேஷனுக்கு 1997இலிருந்து தனி விருது இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவர்கள் நாடகத்தை அரங்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பெரும்பாலும் ஒரே ஒரு முறை. ரசிகர்களோ ஒலிப்பதிவு வெளிவந்த நாளிலிருந்து பஸ்ஸிலும் சமையலறையிலும் அதையே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். இந்த வித்தியாசம் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் சண்டையின் மூலகாரணமே இதுதான் என்பது என் கட்சி.

பாட்டு கேட்கும்போது மூளை சும்மா வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பதில்லை, அடுத்த சுரம் எதுவாக இருக்கும் என்று ஓயாமல் ஊகித்துக்கொண்டே வருகிறது. இசை எழுப்பும் உணர்ச்சிக்கு வேர் இந்த எதிர்பார்ப்புதான் என்று 1956இலேயே லெனர்ட் மேயர் என்ற இசை அறிஞர் வாதிட்டார். எதிர்பார்த்தது வந்தால் ஒரு நிறைவு, தள்ளிப்போனால் ஒரு தவிப்பு, வேறொன்று வந்து அதுவும் பொருந்திவிட்டால் ஒரு சிலிர்ப்பு. ஊகத்துக்கு மூலதனம் நாம் இதுவரை கேட்ட பாட்டுகள். உலகத்தின் பல மரபுகளில் மெட்டு பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில்தான் நடக்கிறது. பெரிய தாவல் ஒன்று வந்தால் அடுத்த சுரம் பெரும்பாலும் எதிர்த்திசையில் திரும்பும். இதை யாரும் பாடமாகப் படிப்பதில்லை, கேட்டுக் கேட்டே காதுக்குப் பழகிவிடுகிறது.

மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோர் குழு செய்த இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 2011இல் வெளியான ஆய்வில், தங்களுக்குப் புல்லரிப்பு வரவழைக்கும் இசையை ஆட்களே கொண்டுவந்தார்கள். அதைக் கேட்கும்போது, இன்பத்தோடு தொடர்புடைய டோபமீன் என்ற வேதிப்பொருள் மூளையில் எங்கே சுரக்கிறது என்று ஸ்கேன் மூலம் பார்த்தார்கள். உச்சகட்டத்தில் நியூக்ளியஸ் அகம்பன்ஸ் என்ற பகுதி வேலை செய்தது. அதைவிடச் சுவாரசியமானது அதற்கு முந்தைய சில நொடிகள். “இதோ வரப்போகிறது” என்று காத்திருக்கும் அந்த நேரத்தில் காடேட் என்ற வேறொரு பகுதியில் டோபமீன் சுரந்தது. அதாவது, பாட்டு தரும் இன்பத்தில் ஒரு பங்கு அந்த இடம் வருவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. அந்தப் பங்கு பாட்டை ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் முழுசாகக் கிடைக்கும்.

2013இல் அதே குழு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தது. இதுவரை கேட்டே இராத பாட்டுத் துண்டுகளைப் போட்டுக் காட்டி, இதை வாங்க எவ்வளவு காசு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். யார் எவ்வளவு கொடுப்பார் என்பதை அகம்பன்ஸின் செயல்பாடு முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. பாட்டு பிடிக்கப் பிடிக்க, ஒலியைப் பகுத்தறியும் மூளைப் பகுதியோடு அகம்பன்ஸின் பேச்சுவார்த்தை அதிகரித்தது. பழைய பாட்டுகளின் அச்சுகள் சேமிப்பில் இருப்பது அந்த ஒலிப் பகுதியில்தான். ஆக, முதல் முறை கேட்கும் பாட்டைக்கூட நாம் தனியாகக் கேட்பதில்லை. அதுவரை கேட்ட அத்தனை பாட்டும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஹெர்மனின் மெட்டுகள் அந்தச் சேமிப்போடு சட்டென்று பொருந்தும்படி கட்டப்பட்டவை. முதல் இரவே வாயில் வருவதற்குக் காரணம் அது.

பொருந்துவது மட்டும் போதாது, திரும்ப வரவும் வேண்டும். 1968இல் ராபர்ட் ஸாயொன்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தமில்லாத சொற்களையும் சீன எழுத்து மாதிரி வடிவங்களையும் ஆட்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஒன்றிரண்டு தடவை, சிலவற்றை இருபத்தைந்து தடவை வரை. அதிகம் பார்த்ததற்கு நல்ல பொருள் இருக்கும் என்றே ஆட்கள் சொன்னார்கள். பரிச்சயமே பிடித்தமாக மாறுகிறது. இசையில் இது இன்னும் அழுத்தமாக நடக்கிறது. எலிசபெத் மார்குலிஸ் என்ற ஆய்வாளர், லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் ஆகியோரின் கரடுமுரடான நவீன இசைத் துண்டுகளை எடுத்து, கணினியில் சில பகுதிகளை வெட்டி மறுபடி ஒட்டினார். வேறு எந்த மாற்றமும் இல்லை, சில இடங்கள் இரண்டாவது முறை வரும், அவ்வளவுதான். கேட்டவர்களுக்கு மூலத்தைவிட ஒட்டுப்போட்டதுதான் அதிகம் பிடித்தது. மனிதர் எழுதியது மாதிரி இருக்கிறது என்றும் அதைத்தான் சொன்னார்கள். நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர்கள் யோசித்து வைத்த அமைப்பைவிட, ஒரு எளிய மறுபடி காதை அதிகம் மயக்கியிருக்கிறது. எனக்கு இந்த ஆய்வு இன்றும் வியப்புதான்.

பிராட்வேக்காரர்கள் இதை எந்த ஆய்வும் இல்லாமலே நூறு வருஷமாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பழைய பாணி இசை நாடகத்தில் திரை உயரும் முன்பே ஆர்க்கெஸ்ட்ரா ஓவர்ச்சர் வாசிக்கும். அதில் முக்கிய மெட்டுகள் எல்லாம் ஒரு சுற்று வந்துபோகும். அப்புறம் முதல் பாதியில் அவை பாட்டாக வரும். இடைவேளை முடிந்து மறுபடி ஆர்க்கெஸ்ட்ரா. இரண்டாம் பாதியில் அதே பாட்டு வேறு சூழ்நிலையில் திரும்பும், இதை ரிப்ரைஸ் என்பார்கள். கடைசியில் நடிகர்கள் வணங்கும்போது ஒரு முறை, ஜனம் படியிறங்கும்போது ஒரு முறை. வாசலுக்கு வருவதற்குள் ஒரே மெட்டு ஐந்தாறு தடவை காதில் விழுந்திருக்கும்.

‘லா காஜ்’ இந்தக் கலையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். பிரான்சின் சாங் ட்ரோப்பே ஊரில் ஒரு இரவு விடுதி. ஜார்ஜ் அதன் உரிமையாளர், அவருடைய வாழ்க்கைத் துணை ஆல்பன் பெண் வேடமிட்டுப் பாடும் நட்சத்திரம். நாடகத்தின் தொடக்கத்திலேயே பெண் வேடமிட்ட ஆடல் குழு, “நாங்கள் இப்படித்தான்” என்ற பொருளில் ஒரு துள்ளல் பாட்டு பாடுகிறது. வேடிக்கையான பாட்டு, ஜனம் சிரித்துக்கொண்டே கேட்கும். முதல் பாதி முடியும் இடத்தில், ஆல்பன் தாய்போல வளர்த்த பையன் தன் வருங்கால மாமனார் வரும்போது ஆல்பன் வீட்டில் இருக்கக் கூடாது என்று நினைப்பது அவருக்குத் தெரியவருகிறது. நிகழ்ச்சியோ நடந்துகொண்டிருக்கிறது. அதே மெட்டை ஆல்பன் தனியாக, மெதுவாக எடுக்கிறார். ‘நாங்கள்’ போய் ‘நான்’ வந்துவிடுகிறது. பாடி முடித்து விக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறுகிறார். மெட்டைப் பார்வையாளர் முன்பே கேட்டிருப்பதால் காது அதை ஊகிக்கச் சிரமப்படுவதில்லை, முழுக் கவனமும் வார்த்தை மாறிய அந்த ஒரு இடத்துக்குப் போய்விடுகிறது. எளிமையான மெட்டு என்று இதைத் தள்ளுகிறவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மெட்டு எளிமையாக இருந்ததால்தான் ஒரே மணி நேரத்தில் இத்தனையும் சாத்தியமானது.

சாண்ட்ஹைம் போன வழி வேறு. அவருடைய நாடகத்தின் முதல் பாதி, ஓவியர் ஜார்ஜ் சூரா ‘கிராந்த் ஜாத்’ தீவின் ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை வரைவது. அந்த ஓவியம் இப்போது சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. வண்ணங்களைத் தட்டில் கலக்காமல், தனித்தனிப் புள்ளிகளாக அருகருகே வைத்து, கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணுக்கு விட்டுவிட்டார் சூரா. சாண்ட்ஹைம் அதையே இசையில் செய்தார். தூரிகை துணியில் படும் ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு வெட்டிய சுரம், ஒரு வண்ணத்தின் பெயர், ஒரே சொல் திரும்பத் திரும்ப. நீளமான மெட்டு இல்லை. மூன்று நான்கு சுரங்களாலான துணுக்குகள்தான் உண்டு. அந்தத் துணுக்குகள் நாடகம் முழுக்க வேறு வேறு பாட்டுகளுக்குள் ஒளிந்து வருகின்றன. முதல் பாதியில் சூராவும் அவருடைய காதலி டாட்டும் பிரியும் பாட்டின் மெட்டு, இரண்டாம் பாதியில், நூறு வருஷம் கழித்து, சூராவின் கொள்ளுப்பேரனான இன்னொரு ஜார்ஜுக்கு, அவன் கண்முன் தோன்றும் டாட் தைரியம் சொல்லும் ‘மூவ் ஆன்’ பாட்டில் திரும்புகிறது. பிரிவின் மெட்டு இணைவின் மெட்டாகிறது.

இங்கேயும் மறுபடி இருக்கிறது, ஹெர்மனிடம் இருப்பதைவிடக் குறைவில்லை. ஆனால் மறுபடி வருவது முழு மெட்டு இல்லை, துணுக்கு. முதல் முறை கேட்கும் காது அதை அடையாளம் காண்பது கஷ்டம். போதாததற்கு வரிகளில் சொற்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கேட்ட சொல்லை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும் நம் தற்காலிக நினைவு ஏறக்குறைய இரண்டு நொடிப் பேச்சைத்தான் தாங்கும். அடுத்த எதுகை வந்து இடிக்கும்போது முந்தைய வரி அழிந்துவிடுகிறது. பொருளைப் பிடிக்க ஓடுகிற மூளைக்கு மெட்டைப் பிடிக்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ஐந்தாவது, பத்தாவது தடவையில் வரிகள் மனப்பாடமாகிவிடும். அப்போதுதான் துணுக்குகள் ஒட்டி மெட்டாகின்றன. டயானா டாய்ச் என்ற உளவியலாளர் 1995இல் தற்செயலாகக் கண்டுபிடித்தது இதற்கு நெருங்கிய விஷயம். சாதாரணமாகப் பேசிய ஒரு சொற்றொடரை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், சில சுற்றுகளில் அது பாட்டாகக் கேட்கத் தொடங்குகிறது. ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது கேட்கும் விதம்.

டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் 1970களில் இதற்கு ஒரு வளைகோடு போட்டுக் காட்டினார். சிக்கல் ஒரு அளவு வரை ஏற ஏறப் பிடித்தம் ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும். கேட்கக் கேட்கச் சிக்கல் குறைந்து தோன்றும். அதனால் எளிய பாட்டு சீக்கிரம் உச்சத்தைத் தொட்டுச் சலிக்கத் தொடங்கும், சிக்கலான பாட்டு தாமதமாக உச்சம் தொடும். எல்லா ஆய்வுகளும் இந்தக் கோட்டில் வந்து உட்காரவில்லை, ஆனாலும் பெரும்பாலானவை ஒத்துப்போகின்றன. ஓட்டுப் போடுகிறவர் நிற்பது கோட்டின் தொடக்கத்தில், ஆல்பத்தை நூறு தடவை ஓட்டியவர் நிற்பது மறுமுனைக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் ஒரே இசையைப் பற்றிப் பேசுவதாக நம்பிக்கொண்டு வாதாடுகிறார்கள்.

சாண்ட்ஹைமின் இன்னொரு நாடகமான ‘மெரிலி வி ரோல் அலாங்’ இதற்கு நல்ல சாட்சி. 1981இல் அது பிராட்வேயில் 16 காட்சிகளோடு இழுத்து மூடப்பட்டது. அதில் வரும் ஒரு தயாரிப்பாளரே, முணுமுணுக்க ஒரு மெட்டுகூட இல்லையே என்று இளம் இசையமைப்பாளரிடம் புலம்புவார். மூடிய மறுநாள் நடிகர்கள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அந்த ஆல்பம் வீடு வீடாக ஓடியது. 2023இல் அதே நாடகம் பிராட்வேக்குத் திரும்பியபோது கூட்டம் அலைமோதியது, அடுத்த வருஷம் சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனியும் கிடைத்தது. இடையில் பாட்டுகளிலும் வசனத்திலும் சில திருத்தங்கள் நடந்தன, நடிகர்கள் பிரபலமானவர்கள், எல்லாம் உண்மை. ஆனாலும் 1981இல் அரங்கில் உட்கார்ந்தவர்களுக்கு இல்லாத ஒன்று இவர்களில் பலருக்கு இருந்தது: நாற்பது வருஷத்துப் பரிச்சயம்.

அதனால் ரசிகர் பக்கம்தான் நியாயம் என்று ஆகிவிடாது. பிடித்த நாடகத்தின் ஆல்பத்தை நூறு தடவையும் போட்டி நாடகத்தை இரண்டு தடவையும் கேட்டுவிட்டு ஒப்பிடுகிறவர், இசையோடு சேர்த்துத் தன் பரிச்சயத்தையும் எடைபோடுகிறார். இந்த வருஷத்துப் போட்டியில் எது சிறந்தது என்று யாராவது கேட்டால், எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமான தடவை கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன். கேட்டுவிட்டு, பாட்டைத் தனியாக எடுக்காமல், நாடகத்தில் அது எங்கே திரும்ப வருகிறது, திரும்பும்போது எதை மாற்றுகிறது என்று பாருங்கள். நாடக இசையைத் தனிப் பாட்டிலிருந்து பிரிப்பது அந்த வேலைதான்.

இந்த அளவுகோலை வைத்து 1984ஐப் பார்த்தால் என் ஓட்டு சாண்ட்ஹைமுக்கு. ஹெர்மனிடம் மெட்டு திரும்பும்போது ஒரு பாத்திரத்தின் மனநிலை மாறுகிறது, ‘சண்டே’யில் துணுக்கு திரும்பும்போது ஒரு நூற்றாண்டே இணைகிறது. ஆனால் அன்று ஓட்டுப் போட்டவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ‘லா காஜ்’ 1,761 காட்சிகள் ஓடியது, ‘சண்டே’ 604. அந்த 1,761 இரவுகளிலும் முதல் முறை வந்து உட்கார்ந்த ஒருவருக்கு, இடைவேளைக்கு முன்பே, ஒரு மெட்டின் முழுப் பலனும் கிடைத்தது. சாண்ட்ஹைமின் நாடகத்தில் முதல் இரவே அது நடப்பது ஒரு இடத்தில் மட்டும்தான்: முதல் பாதியின் முடிவில், சண்டைபோட்டுக்கொண்டிருந்த பாத்திரங்கள் எல்லாரும் ஓவியத்தில் தங்கள் இடத்துக்கு நடந்துபோய் நின்று ‘சண்டே’ பாட்டைச் சேர்ந்து பாடும்போது. அந்தப் பாட்டில் மட்டும் சாண்ட்ஹைம் துணுக்குகளை விட்டுவிட்டு நீண்ட, படிப்படியாக ஏறும் மெட்டு ஒன்றை எழுதியிருக்கிறார்.