கீறல் விழுந்த ரெக்கார்டு

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரை 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று கிண்டல் செய்வோம். போர்டிஸ்ஹெட் என்ற இசைக்குழு அந்தக் கீறலை மெனக்கெட்டு உண்டாக்கியது.

1991-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தொடங்கிய குழு இது. குழுவைச் சேர்ந்த ஜெஃப் பேரோ வளர்ந்த பக்கத்து ஊரின் பெயரையே குழுவுக்கும் வைத்தார்கள். பாடியவர் பெத் கிப்பன்ஸ், கிட்டார் ஏட்ரியன் அட்லி. 1994-இல் வந்த முதல் ஆல்பம் 'டம்மி' அடுத்த வருடமே, சிறந்த ஆல்பத்துக்கு பிரிட்டனில் தரப்படும் மெர்குரி பரிசை வென்றது. கேட்டால், பரணிலிருந்து இறக்கிய பழைய தட்டு ஓடுவதுபோல் இருக்கும். நிஜமான பழைய தட்டுகளில் வெட்டியெடுத்த துண்டுகளும் அதில் உண்டுதான். ஆனால் அது போதாதென்று, தாங்களே வாசித்ததை வினைல் தட்டில் பதித்து, ஸ்டுடியோ தரையில் போட்டு மேலே நடந்தார்கள்! அப்புறம்தான் அது டர்ன்டேபிளுக்குப் போனது.

சரி, மிதித்தால் என்ன ஆகும்? தட்டின் வரிப்பள்ளத்துச் சுவர்களில் ஒலி அலை நெளிவுகளாக வெட்டப்பட்டிருக்கும். அந்த நெளிவுக்கேற்ப முள் ஆடும்போது, மறுமுனையில் உள்ள காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து சில மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்கும். ஸ்பீக்கரில் நாம் கேட்பது அதன் பெருக்கம். பாவம், எது பாட்டு, எது தூசி என்று முள்ளுக்குத் தெரியாது. கீறலில் தடுக்கினால் கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்தில் துள்ளி அடங்கும். அவ்வளவு குறுகிய துடிப்பில் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுவரை எல்லா அதிர்வெண்களும் கலந்துவிடும். ஆகவே அதற்குச் சுருதி கிடையாது, வெறும் 'டிக்'.

இன்னொரு வித்தை வேகம். தட்டை மெதுவாகச் சுற்றினால் தாளம் மட்டும் தளராது, சுருதியும் இறங்கும். நொடிக்கு எத்தனை நெளிவுகள் முள்ளைக் கடக்கின்றனவோ அதுதானே அதிர்வெண்! நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 33⅓ சுற்றில் ஓட்டினால், நிமிடத்துக்கு 100 அடி விழும் தாளம் 74 ஆகும். சுருதி ஐந்து அரைச்சுரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். 'டப்' என்ற டிரம் 'தொம்' என்று விழும். டிரிப்-ஹாப் எனப்படும் இவர்களுடைய மெதுவான இசைவகையின் கனத்தில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு.

2008-இல் வந்த 'தேர்டு' ஆல்பத்தில் இந்த டர்ன்டேபிள் வேலைகளை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். அலுத்திருக்கும்.

'டம்மி'யை வினைலில் வாங்கியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: இந்தப் பொரிச்சத்தம் அவர்களுடையதா, நம் வீட்டுத் தூசியா? கடிகாரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. 'டிக்' சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை வந்தால் கீறல் உங்கள் தட்டில். வெட்டி ஒட்டிய துண்டோடு சேர்ந்து, தாளம் தப்பாமல் திரும்பி வந்தால் அது பிரிஸ்டலில் விழுந்த கீறல்.